ரிப்போர்ட் நார்மல், உடம்பு மட்டும் ஏன் நடுங்குகிறது?

நடுராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. மூச்சு முட்டுகிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. உயிர் போய்விடும் என்றே நினைக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் அலறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறார்கள். ஈசிஜி எடுக்கிறார்கள், ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல, டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். திரும்பும் வழியில் கூட வந்தவர் எதுவும் பேசுவதில்லை. பிழைத்துவிட்டோம் என்ற நிம்மதியைவிட, நடிக்கிறோம் என்று நினைத்துவிட்டார்களோ என்கிற கூச்சம்தான் இவரைப் பிடுங்கித் தின்கிறது.

"ஒண்ணுமே இல்ல" என்பது ஆறுதலுக்காகச் சொல்லப்படும் சொல். கேட்பவர் காதில் அது "நீ சொல்வது பொய்" என்று விழுகிறது. வருடக்கணக்கில் முதுகுவலியோடு அலைகிறவர்களும், விபத்துக்குப் பிறகு வண்டியில் ஏறவே முடியாதவர்களும் இதே சொல்லைக் கேட்டுக்கேட்டு நொந்துபோகிறார்கள். இன்னொரு பக்கம், சின்ன மனவருத்தத்துக்கெல்லாம் "ட்ராமா" என்று பெயர் வைப்பதும், "ட்ராமா தசைக்குள்ளே தேங்கிக் கிடக்கிறது, பிழிந்து எடுத்துவிடலாம்" என்று ஆசை காட்டுவதும் நடக்கிறது. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே உடம்பில் உண்மையிலேயே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், அவதிப்படுகிறவருக்குப் பாதி பாரம் இறங்கும் என்று நம்புகிறேன்.

மூன்று சொற்கள்

பயம் வேறு, பதற்றம் வேறு. எதிரே பல்லைக் காட்டிக்கொண்டு நாய் நிற்கும்போது வருவது பயம். திருப்பத்தில் நாய் நிற்குமோ என்று நினைத்து, வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே வயிறு கலங்கினால் அது பதற்றம். இன்னும் வராத ஆபத்துக்கு உடம்பு முன்கூட்டியே தயாராகி நிற்கும் நிலை அது.

வலி என்றால் காயம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். வலியை ஆராய்வோரின் பன்னாட்டுச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறை அப்படிச் சொல்லவில்லை. உடம்பில் சேதம் நேர்ந்தபோதோ, நேரக்கூடும் என்னும்போதோ, நேர்ந்ததுபோலவோ உண்டாகும் விரும்பத்தகாத அனுபவம்தான் வலி. அதில் உணர்வும் உண்டு, உணர்ச்சியும் உண்டு. "நேர்ந்ததுபோல" என்ற அந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ட்ராமாவைத் தமிழில் உளக்காயம் என்று சொல்லலாம். உயிருக்கோ உடலுக்கோ பெரும் ஆபத்து வந்த ஒரு நிகழ்வு, முடிந்த பிறகும் முடியாததுபோலவே உடம்பையும் மனத்தையும் ஆட்டிவைப்பது. நிகழ்வு வேறு, அது விட்டுச்செல்லும் காயம் வேறு. ஒரே விபத்தில் தப்பிய இருவரில் ஒருவருக்கு உளக்காயம் ஏற்படலாம், இன்னொருவருக்கு ஏற்படாமலே போகலாம்.

காலி வாளியும் இல்லாத படியும்

நிறையத் தண்ணீர் இருக்கிறது என்று நினைத்து ஒரு வாளியைத் தூக்குகிறீர்கள். வாளி காலி. கை விர்ரென்று மேலே போகிறது. எவ்வளவு விசை வேண்டும் என்பதை, வாளி தரையைவிட்டு எழும் முன்பே மூளை கணக்குப் போட்டுத் தசைக்குச் சொல்லியனுப்பிவிட்டது. கணக்கு தப்பியது வாளி எழுந்த பிறகுதான் தெரிகிறது.

இருட்டில் மாடிப்படி இறங்கும்போதும் இப்படித்தான். இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்தால் தரை வந்துவிடுகிறது. ஒரு கணம் உடம்பு முழுவதும் தூக்கிவாரிப்போடுகிறது. விழவில்லை, அடிபடவில்லை. இருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நான் சொல்லவருவதெல்லாம் இந்த இரண்டு காட்சிக்குள்ளேயே இருக்கிறது. உடம்பு ஆபத்து வந்து சேரும்வரை காத்திருப்பதில்லை. ஆபத்து வரும் என்ற கணிப்பு எழுந்ததுமே பதில் சொல்லிவிடுகிறது. கணிப்பு தப்பாகவே இருந்தாலும் அந்தப் பதில் முழுக்க முழுக்க உண்மையானது. இதயம் நிஜமாகவே வேகமாகத் துடிக்கிறது, தசை நிஜமாகவே இறுகுகிறது, வலி நிஜமாகவே வலிக்கிறது. "ஒண்ணுமே இல்ல" என்பது அதனால்தான் தவறு. ஈசிஜியில் ஒன்றுமில்லை என்றால் இதயத்துக்குச் சேதம் இல்லை என்று பொருள். அவர் பட்ட பாடு பொய் என்று பொருளில்லை.

அலாரம் அடித்ததும்

மூளையின் உள்ளே, காதுக்கு நேராக, இரு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. அதன் பெயர் அமிக்டலா. வருவது ஆபத்தா என்று மோப்பம் பிடிப்பது இதன் முக்கிய வேலைகளில் ஒன்று. பார்த்தது என்ன என்று மூளை தெளிவாக அடையாளம் காணும் முன்பே, அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு இது கூச்சல் போட்டுவிடும். கால்பக்கம் நெளிந்து கிடக்கும் கயிற்றைப் பார்த்ததும் துள்ளிக் குதித்துவிட்டு, அதற்குப் பிறகு "அட, கயிறு" என்கிறோமே, அந்த வரிசை இதனால்தான்.

இது தேவையில்லாத அவசரம் என்று எனக்குத் தோன்றவில்லை. கயிற்றைப் பாம்பு என்று நினைத்தால் ஒரு துள்ளலோடு போயிற்று. பாம்பைக் கயிறு என்று நினைத்தால் உயிரே போய்விடும். பிழை செய்வதானால் பாதுகாப்பான பக்கம் செய் என்று பழகிய அமைப்பு இது.

கூச்சல் கேட்டதும் இரண்டு அலைகள் கிளம்புகின்றன.

முதல் அலை நரம்பு வழியாக நொடிகளில் ஓடுகிறது. நாம் நினைக்காமலே இதயம், குடல், வியர்வைச் சுரப்பி எல்லாவற்றையும் நடத்துகிற தானியங்கு நரம்பு மண்டலம் என்று ஒன்று உண்டு. அதில் முடுக்கிவிடும் பிரிவுக்குப் பரிவு நரம்பு மண்டலம் என்று பெயர். அடக்கி ஆற்றும் பிரிவுக்கு எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் என்று பெயர். வண்டியின் ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அலாரம் அடித்ததும் முடுக்கும் பிரிவு சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தட்டி எழுப்பி, அட்ரினலினை ரத்தத்தில் கலக்கிறது.

இரண்டாம் அலை ரத்தம் வழியாக, சற்று நிதானமாக வருகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இது உச்சத்தைத் தொட ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு சண்டை முடிந்து அரைமணி நேரமாகியும் உடம்பு அடங்காமல் கொதித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் இதைத்தான் "எதிர்த்து நில் அல்லது ஓடு" என்ற எதிர்வினையாக விவரித்தார். இதன் அறிகுறிகளை அவருக்கு முன்பே நம் பேச்சு வழக்கு குறித்துவைத்திருக்கிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது என்கிறோம்: குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது, செரிமானம் பாதியில் நிற்கிறது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது என்கிறோம்: எச்சில் சுரப்பது குறைகிறது. முகம் வெளிறிப்போனது என்கிறோம்: தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. கைகால் உதறல் எடுத்தது என்கிறோம்: ஓடுவதற்காக முறுக்கேறிய தசைக்கு ஓட வழியில்லை. கண்பாவை விரிகிறது, மூச்சுக்குழல் விரிகிறது, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் நோயின் அறிகுறி மாதிரித் தெரியும். சேர்த்துப் பார்த்தால், பந்தயக் கோட்டில் காலை ஊன்றி நிற்கும் ஓட்டக்காரரின் உடம்பு இது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆபத்து என்று மூளை கணித்ததும் நொடிகளில் அட்ரினலின், நிமிடங்களில் கார்ட்டிசால். நமக்குத் தெரியும் படபடப்பும் நடுக்கமும் உடம்பு தயாராவதன் அடையாளங்கள்.

ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை

"எதிர்த்து நில் அல்லது ஓடு" என்பது பிரபலமானதால் ஒரு பெரிய அநியாயமும் சேர்ந்தே வளர்ந்துவிட்டது. ஆபத்தில் சிக்கிய ஒருவர் எதிர்க்கவும் இல்லை, ஓடவும் இல்லை என்றால், அவருக்கு அதில் சம்மதம்தானோ என்று கேட்கத் தொடங்குகிறார்கள்.

மூன்றாவதாக ஒரு பதிலும் உடம்புக்கு உண்டு: உறைந்துபோவது. தப்ப வழியே இல்லை என்று நரம்பு மண்டலம் முடிவு கட்டிவிட்டால் கைகால் மரம்போல ஆகிவிடும், குரல் எழும்பாது. பல விலங்குகளில் இது காணப்படுகிறது. மனிதரிலும் உண்டு. ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்குப் பிறகு அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017-இல் வெளியான ஆய்வில், 70 சதவீதம் பேர் அந்தச் சமயத்தில் குறிப்பிடத்தக்க அளவுக்கு உடல் உறைந்துபோனதாகச் சொன்னார்கள். அப்படி உறைந்தவர்களுக்குப் பின்னால் உளக்காயமும் அதிகமாக இருந்தது.

"ஏன் கத்தல?" என்று கேட்பவர்கள் இதை ஒருமுறையாவது படிக்க வேண்டும். கத்துவதா வேண்டாமா என்று அங்கே யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அந்த முடிவு அவர்கள் கையிலேயே இல்லை. தன்னைத்தானே இந்தக் கேள்வி கேட்டு வதைத்துக்கொள்கிறவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

காயம் ஒன்று, வலி வேறொன்று

சில வருடங்களுக்கு முன் இருசக்கர வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த லாரி ஏர்ஹார்னை அலறவிட்டது. திடுக்கிட்டு ஓரம் கட்டியதில் சறுக்கி விழுந்தேன். எழுந்து வண்டியை நிமிர்த்தினேன், சிதறிய பொருட்களைப் பொறுக்கினேன், வீடுவரை ஓட்டியும் வந்துவிட்டேன். வலி என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. வாசலில் பூட்டைத் திறக்கப் போனால் சாவி துவாரத்தில் நுழையவில்லை. கை அவ்வளவு நடுங்கியது. ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டுதான் திறந்தேன். உள்ளே விளக்கைப் போட்டதும், பேண்ட் துணி முழங்காலில் ரத்தத்தோடு ஒட்டியிருந்தது தெரிந்தது. பார்த்த அந்தக் கணத்தில்தான் வலி சுரீரென்று ஏறியது. காயம் அரைமணி நேரத்துக்கு முன்னாலேயே இருந்தது. வலி அப்போதுதான் வந்தது.

இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்த ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் 1946-இல் எழுதிய கட்டுரையில், படுகாயமடைந்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வலிமருந்தே கேட்கவில்லை என்று பதிவு செய்தார். அவர்களுக்குக் காயம் என்றால் போர்க்களத்திலிருந்து உயிரோடு வெளியேறியாயிற்று என்று பொருள் என்பது அவருடைய விளக்கம்.

இதற்கு நேர் எதிரான சம்பவமும் உண்டு. 29 வயதுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் 15 சென்டிமீட்டர் ஆணியின்மேல் குதித்துவிட்டார். ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி கொஞ்சம் அசைந்தாலும் துடித்ததால் வலுவான மருந்து கொடுத்துத்தான் பூட்ஸைக் கழற்றினார்கள். ஆணி விரல்களுக்கு நடுவே புகுந்து போயிருந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை. 1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான செய்தி இது. அந்த மனிதர் நடித்தார் என்று யாராவது சொல்ல முடியுமா? கண்ணால் பார்த்ததை வைத்து மூளை போட்ட கணக்கு அவருக்கு நிஜ வலியைக் கொடுத்தது.

அப்படியானால் வலி எப்படித்தான் உண்டாகிறது? தோலிலும் தசையிலும் ஆபத்தை முகர்ந்து சொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன. வெட்டு, சூடு, நசுக்கல் போன்றவை பட்டால் அவை தகவல் அனுப்பும். அந்தத் தகவல் இரண்டு வேகத்தில் போகிறது. ஒருவகை நரம்பில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம், இன்னொரு வகையில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். கால் கட்டைவிரலை மேசைக் காலில் இடித்துக்கொண்டவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும்: முதலில் ஊசி குத்தியதுபோல ஒரு வலி, ஒரு மூச்சு கழித்து, "இதோ வரப்போகிறது" என்று பல்லைக் கடித்துக் காத்திருக்கும்போது வந்து சேரும் விண்விண்ணென்ற இரண்டாவது வலி.

ஆனால் அந்த நரம்புகள் சுமந்துபோவது தகவலை மட்டும்தான். அது முதலில் தண்டுவடத்துக்கு வருகிறது. அங்கே ஒரு கதவு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965-இல் இந்தக் கதவுக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைகிறதே, அது தொடுவுணர்வு நரம்புகள் வந்து கதவைப் பாதி சாத்துவதால். மூளையும் மேலிருந்து கட்டளை அனுப்பி, உடம்பு தானே தயாரிக்கும் எண்டார்ஃபின் போன்ற வலிநீக்கிகளைக் கொண்டு கதவைச் சாத்த முடியும். லாரிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தபோது என் மூளை அதைத்தான் செய்தது. அப்போது எழுந்து நகர்வதுதான் முக்கியம். பயமும் கவலையும் தொடர்ந்து இருந்தாலோ அதே கதவு அகலத் திறந்துகொள்ளும். அந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னால் நிறைய மாறிவிட்டன. வலித்தகவல் வழியிலேயே கூட்டப்படும், குறைக்கப்படும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

ஆறாத வலி

வலி 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். பெரும்பாலான காயங்களில் திசு அதற்குள் ஆறிவிடும். அதற்கப்புறமும் வலிப்பதற்கு ஒரு முக்கியமான காரணம், நரம்பு மண்டலமே வலியைக் கற்றுக்கொண்டு, சின்னத் தூண்டலுக்கும் துடிக்கும் அளவுக்குக் கூர்மையாகிவிடுவது. திருடன் வந்தால் மட்டும் அலற வேண்டிய அலாரம் காற்றுக்கும் அலறும்படி ஆகிவிட்டால் எப்படி இருக்கும்? அதுபோல லேசான தொடுதல்கூட வலிக்கும், சாதாரண வலி பல மடங்காகும். இதற்கு மைய மிகையுணர்வு என்று பெயர். கிளிஃபர்ட் உல்ஃப் 1983-இல் தண்டுவடத்தில் இதைக் காட்டினார்.

முதுகு ஸ்கேனைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. ரிப்போர்ட்டில் "தேய்மானம்" என்று எழுதியிருப்பது பல சமயம் தோல் சுருக்கம் மாதிரிதான். அந்தச் சொல்லைப் படித்துவிட்டுக் குனியவே பயந்தால், பயமே வலியைக் கூட்டும்.

சூடு கண்ட பூனை

உளக்காயத்துக்கு வருவோம். சூடு கண்ட பூனை அடுப்படியில் சேராது என்பார்கள். ஒருமுறை சுட்டது, அடுப்பு என்றாலே சுடும் என்று பூனை கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு அடுப்பு அணைந்திருந்தாலும் போகாது. அமிக்டலா கற்றுக்கொள்ளும் விதமும் இதுவே. பெரிய ஆபத்து ஒன்றின்போது பக்கத்தில் இருந்த சத்தம், வாசனை, வெளிச்சம், யாரோ ஒருவரின் குரல் எல்லாவற்றையும் ஆபத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும்.

சாதாரண நினைவு என்றால், இது போன வருடம், இன்ன இடத்தில் நடந்தது, முடிந்துவிட்டது என்று முத்திரையோடு அடுக்கிவைக்கப்படும். அந்த முத்திரை குத்துவதில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. பேரதிர்ச்சியின்போது அது சரியாக நடக்காமல் போகலாம் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அதனால் அந்த நினைவு மனத்தில் எழும்போது, "அப்போது நடந்தது" என்று வராமல் "இப்போது நடக்கிறது" என்றே வருகிறது. என் கதையில் முழங்கால் 10 நாளில் ஆறிவிட்டது. ஏர்ஹார்ன் சத்தம் கேட்டால் தோள்பட்டை இரண்டும் காதுக்கு ஏறிக்கொள்வது மட்டும் பல மாதம் போகவில்லை. எங்கிருந்து சத்தம் என்று யோசிக்கும் முன்பே தோள் ஏறியிருக்கும். நான் பட்டது மிகச் சின்னது. போரிலும் வன்முறையிலும் தப்பியவர்களுக்கு இதுவே பல மடங்காக, தூக்கத்திலும் விடாமல் நடக்கிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது கேலிக்காகச் சொன்னதாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அது மிகத் துல்லியமான அவதானிப்பாகப் படுகிறது. ஒரு லாரியில் தொடங்கிய பயம் எல்லா லாரிக்கும், பிறகு எல்லா ஹார்னுக்கும், கடைசியில் தெருவுக்கே பரவக்கூடும்.

இது புதிய நோயும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் காரணம் தெரியாத படபடப்பும் மூச்சிறைப்பும் இருப்பதை ஜேக்கப் டா கோஸ்டா 1871-இல் விவரித்தபோது, இதயக் கோளாறாகத்தான் அதைப் பார்த்தார். முதல் உலகப்போரில் குண்டதிர்ச்சி என்று பெயர் வைத்தார்கள். 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. மருத்துவர்கள் பிடிஎஸ்டி என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். நிகழ்வு திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, எப்போதும் விழிப்பாகவே திடுக்கிட்டுக்கொண்டிருப்பது, மனம் மரத்துப்போவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அந்தப் பெயரைச் சொல்வார்கள். முதல் சில வாரங்களில் இவை வருவது சகஜம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஏறத்தாழ 70 சதவீதம் மக்கள் வாழ்நாளில் இப்படியொரு பயங்கர நிகழ்வைச் சந்திக்கிறார்கள். வாழ்நாளில் என்றாவது பிடிஎஸ்டி வந்தவர்கள் 3.9 சதவீதம். பயங்கர நிகழ்வைச் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் தாமாகவே மீள்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் ஆள் இருப்பது பெரிய பலம்.

"ட்ராமா உடம்பில் தேங்கிக் கிடக்கிறது" என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. உடம்புதான் அதைக் காட்டுகிறது: இறுகிய தாடை, கெட்ட தூக்கம், கலங்கும் வயிறு. ஆனால் தசைக்குள் எதுவும் சேமித்துவைக்கப்படவில்லை. நரம்பு மண்டலம் கற்றுக்கொண்ட பழக்கம் அது. மசாஜ் செய்தால் இதமாக இருக்கும், அதில் தவறில்லை. அழுக்கைப் போல உளக்காயம் வெளியே வழிந்துவிடும் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

பதற்றம் தன்னைத்தானே ஊதிக்கொள்ளும் விதம்

தொடக்கத்தில் நடுராத்திரி எழுந்தவரைப் பார்த்தோமே, அவருக்கு வந்தது பீதித் தாக்கு. பதற்றம் திடீரென்று பொங்கி, பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, தானே இறங்கிவிடுவது. அந்த 10 நிமிடத்தில் உடம்புக்குள் நடப்பது விசித்திரமானது.

மூச்சுப் போதவில்லை என்று தோன்றுவதால் வேகவேகமாக இழுக்கிறார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே நிறைவாகத்தான் இருக்கிறது. கூடுதலாக இழுப்பதால் பெரிதாக ஏறுவதில்லை. ஆனால் கார்பன் டை ஆக்ஸைடு மளமளவென்று வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கிறது, விரலும் உதடும் மரத்து ஊசிகுத்துகிறது, நெஞ்சு இறுகுகிறது. இதை உணர்ந்ததும் "ஹார்ட் அட்டாக்கேதான்" என்று மனம் முடிவுகட்டுகிறது. அது இன்னொரு அலாரம். இன்னும் வேகமாக மூச்சு. வட்டம் சுற்றத் தொடங்கிவிட்டது.

இன்னொரு வட்டமும் உண்டு, அது மெதுவாகச் சுற்றுவது. கூட்டத்தில் பீதி வந்தவர் அடுத்த முறை கூட்டத்துக்குப் போவதில்லை. போகாததால் நிம்மதி. "போகாததால்தான் தப்பித்தேன்" என்று மூளை எழுதிவைத்துக்கொள்கிறது. கூட்டம் ஆபத்தில்லை என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. முதுகுவலிக்காரர் குனியாமல் இருப்பதும், விபத்தில் தப்பியவர் வண்டியைத் தொடாமல் இருப்பதும் இதே கணக்கு. வலி, பதற்றம், உளக்காயம் மூன்றும் கைகோக்கும் இடம் இது: தவிர்க்கத் தவிர்க்கக் கணிப்பு திருந்தாமல் கெட்டிப்படுகிறது.

கணிப்பைத் திருத்துவது

கற்றுக்கொண்டதை நரம்பு மண்டலம் அழிப்பதில்லை, அதன்மேல் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் காலத்திலிருந்தே இது தெரியும்: மணியோசைக்கு எச்சில் ஊறப் பழகிய நாய்க்கு, உணவில்லாமல் மணியை மட்டும் பலமுறை அடித்தால் எச்சில் நின்றுவிடும். சில நாள் கழித்து அடித்தால் கொஞ்சம் திரும்பி வரும். ஆகவே, நன்றாகத் தேறிவந்த ஒருவருக்குப் பழைய நடுக்கம் ஒருநாள் எட்டிப்பார்த்தால், எல்லாம் வீணாகிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை.

உடனடியாகச் செய்யக்கூடியது மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று ஏறும், விடும்போது இறங்கும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சுவிட்டால் பலருக்குக் கையிலேயே தெரியும். இறக்குவது வேகஸ் நரம்பு. எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தின் முக்கியமான கம்பி அது, மூளையிலிருந்து இதயம், குடல்வரை இறங்குகிறது. அதனால் "நல்லா மூச்சை இழு" என்று சொல்வதைவிட "மெதுவா விடு" என்று சொல்வது பயன்தரும். இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விட்டால் போதும். கார்பன் டை ஆக்ஸைடும் பழைய நிலைக்கு வரும். காகிதப் பையில் மூச்சுவிடச் சொல்வது பழைய வழக்கம், அது வேண்டாம். உண்மையில் நுரையீரல், இதயக் கோளாறு இருந்தால் ஆபத்தாகிவிடும்.

நீண்டகாலத்துக்குச் செய்வது, பயப்படும் ஒன்றைப் பாதுகாப்பான சூழலில் சிறுகச் சிறுக நெருங்குவது. முதுகுவலிக்குப் படிப்படியான அசைவு, பதற்றத்துக்கு எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, பிடிஎஸ்டிக்கு உளக்காயத்தை மையமாகக் கொண்ட அதே சிகிச்சையும், கண்ணசைவோடு நினைவை அணுகும் இஎம்டிஆர் முறையும் என்று பெயர்கள் வேறு. அடிப்படை பெரும்பாலும் ஒன்றே. இது தானாகச் செய்து பார்க்கும் விஷயம் இல்லை, முக்கியமாக உளக்காயத்தில். பயிற்சி பெற்றவர் கூட இருக்க வேண்டும். சிலருக்கு மருந்தும் தேவைப்படும்.

அதிர்ச்சி நடந்த முதல் நாட்களில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கச் சொல்லி வற்புறுத்துவதும் நல்லதில்லை. அவர்களாகப் பேசினால் கேளுங்கள். பாதுகாப்பான இடம், தூங்க வழி, தெரிந்த ஒரு முகம் இவை முதலில் தேவை. முதல் மாதத்தில் அதிர்ச்சி அறிகுறிகளுக்கென்று பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் பென்சோடையசிபைன் வகை மாத்திரைகள் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வழிகாட்டியிருக்கிறது. ஆனால் தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் திரும்பப் போகும்போது

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டு நெஞ்சுவலியை நீங்களாகவே "பதற்றம்தான்" என்று முடிவு செய்யாதீர்கள். முதல் முறை வரும் நெஞ்சுவலி, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, நடந்தால் கூடும் வலி, மயக்கம், ஒரு பக்கம் செயலிழப்பது, பேச்சுக் குழறுவது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தைராய்டு மிகைச் சுரப்பு, ரத்தசோகை, இதயத் துடிப்பின் தாளக் கோளாறு இவையும் படபடப்பைக் கொடுக்கும். சோதனை செய்துகொள்வது வீண் செலவில்லை.

சோதனையில் எதுவும் தெரியவில்லை என்றால், அங்கிருந்துதான் அடுத்த பேச்சு தொடங்க வேண்டும். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை நிமிடம் இருந்தது, முதலில் வந்தது மூச்சா, நெஞ்சா, பயமா, அதற்குப் பிறகு எதையெல்லாம் செய்யாமல் நிறுத்திவிட்டீர்கள். "ஒண்ணுமே இல்ல" என்று அவர் சொன்னால், அந்தத் தாளைக் காட்டி, "இதயத்துல சேதம் இல்லன்னு புரியுது டாக்டர், ஆனா இது ஏன் திரும்பத் திரும்ப வருது, அடுத்து யாரைப் பாக்கணும்?" என்று கேளுங்கள்.